வில்லனுக்குப் போட்ட மாலை

சின்னமனூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த செல்வமணியைப் பற்றிச் சொல்வதென்றால், கடை வாசலில் ரோட்டைப் பார்த்தபடி இருந்த அவருடைய கண்ணாடிப் பெட்டியில்தான் தொடங்க வேண்டும். ஊர் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பெட்டியைப் பார்த்ததுதான் அதிகம்.

எல்லா ஸ்டுடியோ வாசலிலும் அப்படியொரு பெட்டி இருக்கும். உள்ளே ஒரு கல்யாண ஜோடி, குப்புறப் படுத்துத் தலைதூக்கும் ஒரு குழந்தை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாருடைய ஸ்கூட்டரிலோ சாய்ந்து நிற்கும் ஒரு வாலிபர். அதில் தன் படம் வைக்கப்பட்டால் அது ஒரு மரியாதை. இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று அல்வாப் பொட்டலத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. செல்வமணி கடைப் பெட்டியில் இந்த மூன்று பேரும் ஒருநாளும் இருந்ததில்லை. அதில் அட்டைப்பூச்சி இருந்தது.

கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈரப் பாசியோடு போட்டு வைத்திருந்தார். கீழே ஒரு சின்ன அட்டையில் அழகான கையெழுத்தில், ‘மேகமலை அட்டை. கடிக்கும்போது வலிக்காது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பிடித்த இடம்: என் இடது கணுக்கால்’ என்று எழுதியிருந்தார். ரோட்டில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டு, தங்கள் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள்.

பெட்டிக்கு மூன்று தட்டு. மேல் தட்டு ஓவியத்துக்கு. செல்வமணி ஸ்டுடியோ திரைகளைத் தானே வரைகிறவர். மற்றவர்கள் தாஜ்மகாலும் மாடிப்படியும் வரைந்தால் இவர் மேகமலையில் சாரல் விழுவதை வரைந்தார். அதற்கு முன்னால் நிற்க வைத்து எடுத்தால் கல்யாணப் பொண்ணு நனைகிற மாதிரியே இருக்கிறது என்று பெண் வீட்டார் குறை சொன்னார்கள். நடுத்தட்டு இயற்கைக்கு. எஸ்டேட் லாரியில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போய், இருவாச்சிப் பறவையின் இறகு, மலை அணில் கடித்துப் போட்ட காய், பெயர் தெரியாத விதை என்று மடியை நிறைத்துக்கொண்டு இறங்குவார். ஒரு வாரம் வெறும் மேகத்தின் போட்டோ ஒன்றை வைத்து, ‘சென்ற செவ்வாய்க்கிழமை மேகம். தவறவிட்டவர்கள் இங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை மேகத்தைத் தவறவிட்டதாக ஊரில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கீழ்த்தட்டுதான் பெரிய வேடிக்கை. அது பி. எல். மார்த்தாண்டனுக்கு.

அந்தக் காலத்தில் சின்னமனூர் இரண்டு கதாநாயகர்களுக்கிடையே சரிபாதியாகப் பிரிந்து கிடந்தது. பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை எந்த மன்றம் என்று விசாரித்த வீடுகள் இருந்தன. செல்வமணி இரண்டிலும் சேரவில்லை. இரண்டு கதாநாயகர்களிடமும் மாறி மாறி அடி வாங்குகிற வில்லனுக்கு அவர் ரசிகராக இருந்தார். ‘பி. எல். மார்த்தாண்டன் ரசிகர் மன்றம், சின்னமனூர் கிளை’ என்று ஒரு போர்டும் எழுதிப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். தலைமை மன்றம் எங்கே என்று கேட்டால், யாராவது தொடங்குவார்கள், அதுவரை கிளை காத்திருக்கும் என்பார். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே.

எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சிக்கந்தர் ஒரு பெரிய மன்றத்தின் நகரத் தலைவர். செல்வமணிக்குச் சிறுவயதுக் கூட்டாளி. பஞ்சர் ஒட்டிக்கொண்டே இங்கே ஒரு கண் வைத்திருப்பார்.

“மாப்ள, ஒங்க மன்றத்துல நேத்துக் கூட்டமாமே? தள்ளுமுள்ளு ஏதும் ஆகலையே?”

“நீ சிரி. ஒங்க ஆளு அடிக்கிறப்ப எங்கன பாக்குறாரு? கேமராவப் பாக்குறாரு. இவரு பாரு, தான் விழப் போற எடத்தப் பாக்குறாரு. விழுறதுல ஒரு நேர்மை வேணும்யா.”

“விழுறதுக்கு என்ன மாப்ள நேர்மை? தள்ளிவிட்டா நானுந்தேன் விழுவேன்.”

“நீ விழுந்தா யாரும் நம்ப மாட்டாக,” என்பார் செல்வமணி. சிக்கந்தர் அதற்கும் சிரிப்பார்.

இந்தச் சிரிப்புக்கு நடுவே செல்வமணிக்குள் ஒரு வருத்தம் இருந்தது. சனிக்கிழமைதோறும் பெட்டியைக் கலைத்துப் புதிதாக அடுக்குவார். அடுக்கி முடித்துவிட்டு, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று யாரோ போலத் தானே பார்ப்பார். ஜனங்கள் நின்றார்கள், படித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். ஒருவர்கூடப் படியேறி உள்ளே வந்து, ‘எனக்கும் இது பிடிக்கும்’ என்று சொன்னதில்லை. ஒரு மனிதருக்கு இத்தனை பிடித்தங்கள் இருந்து, அதில் ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்ளக்கூட ஆளில்லாமல் இருப்பது கொஞ்சம் பரிதாபந்தான்.

அவர் மனைவி கிருபாவதியை எடுத்துக்கொண்டால், அவர் பெயரைத்தான் கடைக்கே வைத்திருந்தார்: கிருபா ஸ்டுடியோ. நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தில் அம்மைத் தழும்பையும் கருவளையத்தையும் மறைக்கிற டச்சிங் வேலை முழுக்க அந்த அம்மாள்தான். கடைக்குப் பின்னால் வீடு. திரையை விலக்கிக்கொண்டு உள்ளிருந்து வருவார், வேலையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார். பெட்டி பக்கம் திரும்பிப் பார்த்ததாகச் செல்வமணிக்கு ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதுகூட, வேதப்புத்தகத்தை அணைத்துக்கொண்டு நேராகப் பார்த்துத்தான் போவார்.

அந்த வருடம் தியேட்டர் பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்டுடியோ வந்தது. அதன் பெட்டியில் எட்டு ஜோடிகள். ஊரே அங்கே போய் நின்றது. எழுபத்தைந்தாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் தொடங்கிய வாரத்தில், சோறு போட்டுக்கொண்டே கிருபாவதி பேச்சை எடுத்தார்.

“என்னங்க, இந்தப் பெட்டி விசயம் ஒன்னு பேசணும்.”

“பேசு.”

“ஒம்பது வருசமா வச்சிருக்கீக. ரோட்டுல நின்னு சிரிச்சுட்டுப் போறாக. ஒருத்தராவது உள்ள வந்து, ஒக்காந்து, நீங்க வச்சிருக்கதப் பத்திப் பேசிருக்காகளா?”

செல்வமணி ரசத்தைப் பார்த்தார்.

“லெந்துல நம்ம சபையில கல்யாணம் கெடையாது. பங்குனியில ஊர்லயும் கொறச்சல். ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கேன். அதுக்குள்ள ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தப் பெட்டியப் பாத்துட்டு அதப் பத்திப் பேசணும்னு படியேறி வரட்டும். அப்புறம் நான் வாயத் தொறக்கல. வரலைன்னா, சித்திரை முகூர்த்தத்துக்கு மூணு தட்டுலயும் கல்யாணப் படம்.”

நியாயமாக இருந்ததால் செல்வமணியால் மறுக்க முடியவில்லை. நியாயமாகப் பேசுகிற மனைவி அமைந்துவிட்டால் கணவனுக்குச் சண்டை போடும் வசதியே போய்விடுகிறது. சரியென்று தலையாட்டினார். ஒருவர்தானே, வராமலா போய்விடுவார் என்று நம்பினார்.

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முதல் வாரம் ஒருவர் படியேறினார். செல்வமணி ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டார். வந்தவர், “அந்த இருவாச்சி எறகு இளைப்புக்குக் கேக்குமாண்ணே?” என்றார். அவர் போனதும் திரைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது.

“அது வைத்தியம். கணக்குல வராது.”

அடுத்த வாரம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்து, பட்டாம்பூச்சி என்று எழுதியிருப்பது பட்டாம்பூச்சி இல்லை, விட்டில் என்று விளக்கிவிட்டுப் போனார். விட்டில்தான். செல்வமணிக்கு இந்த மாதிரித் தவறுகள் சகஜம்.

“இது பேச்சுத்தான,” என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

“அது திருத்தம்.”

மூன்றாவதாக வந்தவர் அட்டைப்பூச்சி பாட்டில் வெறும் பாட்டிலாக எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அதற்குத் தீர்ப்பே தேவைப்படவில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருந்தபோது, பெரியகுளத்தில் அக்கா மகளுக்குப் பிரசவம் என்று கிருபாவதி கிளம்பிப் போனார். செல்வமணி தனியாக உட்கார்ந்து யோசித்தார். மார்த்தாண்டன் அந்த மாதம் வந்த படத்தோடு திரையில் நூறாவது தடவையாகச் சாகிறார் என்பது அவர் கணக்கு. அதில் ஒன்றில் கதாநாயகன் மன்னித்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டான், அது சாவில் சேராது என்று சிக்கந்தர் ஆட்சேபித்திருந்தார். ஜெயிலில் செத்திருப்பார் என்று செல்வமணி முடிவு செய்துகொண்டார். பெட்டிக்கு இதுதான் கடைசிக் காட்சியாக இருந்தாலும் இருக்கலாம். ஆகவே இதைப் பெரிதாகக் கொண்டாடிவிடுவது என்று தீர்மானித்தார்.

மூன்று தட்டையும் எடுத்துவிட்டு, தான் வரைந்த மார்த்தாண்டன் படத்தைப் பெட்டி முழுக்க வைத்தார். சீரியல் லைட் போட்டார். கீழே ஒரு சின்ன அட்டையில், ‘நூறாவது முறை நமக்காக விழுந்து எழுந்த கலைஞருக்கு வாழ்த்து’ என்று எழுதினார். இன்னும் என்ன குறை என்று பார்த்தார். மாலை இல்லை. பூக்கடையில் கனமாக ஒரு ரோஜா மாலை வாங்கி வந்து படத்துக்குப் போட்டார். மாலையின் குஞ்சம் இறங்கி அந்தச் சின்ன அட்டையை மறைத்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் செல்வமணிக்கு ஏன் உறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சபையில் மாலை என்றால் அது உயிரோடிருப்பவர்களுக்கு. பேராயர் வந்தால் மாலை, மாப்பிள்ளை பெண்ணுக்கு மாலை. அவர் அப்பாவுடைய படத்தின் மேல் ஒரு பூ வைத்தது கிடையாது. கீழே வேத வசனந்தான் எழுதியிருக்கும். செத்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர் கடையிலிருந்து படம் வெறுமனேதான் போகும். மாலை அந்தந்த வீட்டில் விழும். அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை, அவர் மலைக்குப் போய்விடுவார்.

அன்றும் அப்படித்தான். ஞாயிறு விடிகாலையில், கேட்க ஆளில்லாத தைரியத்தில், கோயிலுக்குப் போகாமல் எஸ்டேட் லாரியில் ஏறி மேகமலைக்குப் போய்விட்டார்.

கம்பத்துக்குப் போகும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஸ்டுடியோ பெட்டி, உள்ளே ஒரே ஒரு படம், படத்துக்கு ரோஜா மாலை, சுற்றி விளக்கு. விசில் அடிப்பதை நிறுத்திவிட்டு, “அடப்பாவமே, மார்த்தாண்டன் போய்ட்டாக போல,” என்றார். உத்தமபாளையத்தில் அந்த ‘போல’ இறங்கிவிட்டது. கம்பத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அது மாரடைப்பாகியிருந்தது. ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே என்று சந்தேகப்பட்ட ஒருவருக்கு, கதாநாயகன் செத்தால் சொல்வான், வில்லன் செத்தால் எவன் சொல்வான் என்று பதில் கிடைத்தது. அந்தப் பதில் எல்லோரையும் உறுத்தியது. அதன் பிறகு யாரும் சந்தேகப்படவில்லை.

சாயங்காலம் லாரியிலிருந்து இறங்கி, சட்டையில் சேறும் கையில் ஒரு கூடைப் பாசியுமாகச் செல்வமணி வந்தபோது, கடை வாசலில் பஸ் ஒதுங்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். சிக்கந்தர் கடை அரைக் கதவு சாத்தியிருந்தது. சிக்கந்தர் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று செல்வமணி பதறி, கூட்டத்துக்குப் பின்னால் நின்று காது கொடுத்தார்.

“மனுசன் ஒரு நாளு ஜெயிச்சதில்லையப்பா. ஒத்த நாளு,” என்றார் ஒருவர்.

எஸ்டேட்டிலிருந்து சந்தைக்கு இறங்கியிருந்த சுருளியம்மாள், தலையில் இருந்த மூட்டையைக்கூட இறக்காமல் நின்றிருந்தார். “சாகுறப்ப ஒரு வாய் தண்ணி கேப்பாக. குடுக்க மாட்டானுக. படம் பாத்துட்டு மலையேறிப் போறப்ப, வழியெல்லாம் அழுதேன். அன்னைக்கு யார்ட்டயும் சொல்லல. கெட்டவனுக்கா அழுதேன்னு சிரிப்பாகன்னு சொல்லல.”

சிக்கந்தர் முன்னால் வந்தார். “நான் சொல்றேன், கேட்டுக்கங்க. எங்க ஆளு நல்லவருன்னு நமக்கு எப்படித் தெரிஞ்சது? இவரு கெட்டவரா நின்னதாலதான. இம்புட்டு வருசமா எதித்தாப்பல ஒக்காந்து செல்வமணியக் கேலி பண்ணியிருக்கேன். வெவரம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தந்தேன்.”

ஒன்பது வருடமாகச் செல்வமணி தன் காதில் விழ வேண்டும் என்று ஏங்கிய பேச்சு இது. ஒவ்வொருவருக்கும் மார்த்தாண்டனைப் பிடித்திருந்தது. ஒவ்வொருவரும் அதை ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். இறந்தது யார் என்பது இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது, இறக்கவில்லை என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் இந்தப் பேச்சு நின்றுவிடும். அவர் உடனே சொல்லவில்லை. நல்ல மனிதர்தான், என்றாலும் கொஞ்ச நேரம் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

யாரோ அவரைப் பார்த்துவிட்டார்கள். கூட்டம் வழிவிட்டது. சாவு வீட்டு ஆளைத் தாங்குவது போல இரண்டு பேர் அவர் தோளைத் தாங்கிக் கடைக்குள் உட்கார வைத்தார்கள். சேறும் பாசியும் அவர் துக்கத்தில் விழுந்து புரண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

அந்த நேரத்தில் பெரியகுளம் பஸ்ஸிலிருந்து கிருபாவதி இறங்கினார். இரண்டு நாள் கழித்து வரவேண்டியவர். பின்பக்கச் சந்து வழியாகத்தான் எப்போதும் வீட்டுக்குள் போவார். அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்து, பெட்டி முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, கடைப் படியேறி, வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“இங்கருந்து பஸ்ஸுல வந்தவுக பெரியகுளத்துல சொன்னாக,” என்றார். “மனசு கேக்கல. கெளம்பி வந்துட்டேன். அந்த மாடிப்படிப் படத்துல, மேல இருந்து கீழ வரைக்கும் உருண்டு விழுந்துட்டு, செருப்பு ஒன்னு மேலயே கெடக்கும். அதத் திரும்பிப் பாப்பாருல்ல, அத நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

செல்வமணி நிமிர்ந்தார். அந்தச் செருப்பைப் பற்றி அவர் பெட்டியில் எழுதியதே இல்லை, வீட்டில் சொன்னதும் இல்லை. படத்தைப் பார்த்திருந்தால் மட்டுமே தெரியும்.

“நீ எப்பப் பாத்த?”

“பெரியகுளத்துல. அக்கா கூட. ரெண்டு தடவ.”

அந்தக் கணத்தில் அவருக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிடலாம் என்று இருந்தது. மார்த்தாண்டனை இன்னும் ஒரே ஒரு ராத்திரி சாகவிட்டிருந்தால், மனைவியும் அவரும் அந்தச் செருப்பைப் பற்றி விடிய விடியப் பேசியிருக்கலாம். ஆனால் அழுது சிவந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு அவரால் முடியவில்லை.

“கிருபா, அவரு சாகல.”

கிருபாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முந்தானை அப்படியே நின்றது. செல்வமணி எழுந்து வாசலுக்குப் போய், மாலைக் குஞ்சத்தை ஒதுக்கி, கீழே இருந்த அட்டையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. செத்துப்போன மனிதர் பிழைத்துவிட்டார் என்றால் ஊர் சந்தோஷப்பட வேண்டும். சின்னமனூர் சந்தோஷப்படவில்லை. ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் நடுரோட்டில் கொட்டிவிட்ட கோபம் அதற்கு. கம்பத்தில் மேட்னி ஷோவை நிறுத்தி அஞ்சலிக்கு எழுந்து நின்ற ஜனத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். சிக்கந்தர் கறுப்புத் துணியைப் பிய்த்து எடுத்தார்.

“ஒன்னய நம்பி அழுதேன்டா. அதுவும் எதிர் மன்றத்துக்காரனுக பாக்க அழுதேன்.”

“நான் செத்துட்டாருன்னு சொல்லலயே மாப்ள.”

“மாலையப் போட்டுட்டுச் சொல்லலன்றான் பாரு,” என்று சிக்கந்தர் கூட்டத்திடம் முறையிட்டுவிட்டுக் கடையை முழுக்கச் சாத்திக்கொண்டு போனார். சுருளியம்மாள் மட்டும், “இருக்காகளா? நல்லாருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு மூட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் செல்வமணி விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். மாலையை எடுத்தார். படத்தை எடுத்தார். கிருபாவதி ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“என்ன செய்றீக?”

“ஒழிச்சுக் குடுத்துர்றேன். நீ கேக்கும் முன்ன நானே சொல்லிர்றேன். இன்னைக்கு வந்ததெல்லாம் துக்கத்துக்கு வந்தது. கணக்குல வராது.”

“அவுக வந்தது துக்கத்துக்கு.”

“நீயும் அதுக்குத்தான வந்த? அந்த ஆளுக்காகத்தான அழுதுக்கிட்டு வந்த?”

கிருபாவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “அந்த ஆளுக்காக யாரு அழுதா. அவரு போய்ட்டா இனிமே நீங்க யாரப் பத்திப் பேசுவீகன்னு நெனச்சேன். சோறு திங்கிறப்ப ஒங்க வாய்க்கு வேற பேச்சே கெடையாதே. அந்தப் பேச்சு நின்னு போச்சுன்னா வீடு எப்படி இருக்கும்னு நெனச்சேன். அதுக்குத்தேன் அழுதேன்.”

செல்வமணி கையில் படத்தோடு நின்றார். இத்தனை வருடம் இந்த அம்மாள் கேட்கவே இல்லை என்று நினைத்து, ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட சந்தோஷம் அதிகமாக இருந்தது. ரசிகர் மன்றக் கிளையில் இன்னொரு உறுப்பினர் சேர்ந்து எத்தனை காலமாயிற்றோ, தலைவருக்கே தெரியவில்லை.

“மேல் தட்டு மட்டும் கல்யாணப் படத்துக்கு. அதுல மாத்தமில்ல,” என்றார் கிருபாவதி. “மத்த ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க. அட்டைப்பூச்சி மட்டும் வேண்டாம்.”

அப்படியே ஆயிற்று. மறுநாள் ஊரின் கோபத்துக்குப் பரிகாரமாக, மார்த்தாண்டன் படத்தைத் திரும்பக் கீழ்த்தட்டில் மாலையில்லாமல் வைத்து, பெரிய எழுத்தில், ‘இவர் நலமாக இருக்கிறார்’ என்று எழுதி வைத்தார். கோபம் ஒரு மாதத்தில் ஆறியது. சிக்கந்தர் ஒரு வாரத்தில் வந்துவிட்டார். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி, அந்த மாடிப்படிப் படத்தின் பெயர் என்ன என்பது. ‘நலமாக இருக்கிறார்’ என்ற அந்த எழுத்தட்டையை எடுக்க யாரும் சொல்லவில்லை, செல்வமணியும் எடுக்கவில்லை. எழுத்து மங்கும்போதெல்லாம் புதிதாக எழுதி வைப்பார். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, மார்த்தாண்டன் நலமாக இருப்பதைத் தெரிந்துகொண்டு போனார்கள்.

எண்பத்தாறாம் வருடம் ஒரு காலையில் பேப்பரில் ஓரமாக ஒரு சின்னச் செய்தி வந்தது. பழைய வில்லன் நடிகர் பி. எல். மார்த்தாண்டன் காலமானார் என்று நாலு வரி. சின்னமனூரில் பேப்பர் படித்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. ஒருமுறை ஏமாந்த ஊர் அது. படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிருபா ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ரோட்டிலேயே நின்றுவிடவில்லை. கீழ்த்தட்டில் ‘நலமாக இருக்கிறார்’ அட்டை எடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, படியேறி உள்ளே வந்தார்கள்.

“அண்ணாச்சி, இந்தத் தடவ நெசந்தானா?”

செல்வமணி தலையை மட்டும் ஆட்டினார். கிருபாவதிதான் திரையை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் மாடிப்படியையும், மேலேயே கிடந்த அந்தச் செருப்பையும், அவர் திரும்பிப் பார்த்த விதத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். நரைத்த தாடியோடு சிக்கந்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாள் விட்டதை எடுத்துக் கொடுத்தார். அன்று பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த இரண்டு பேர் வாசலில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.